எதிர்வீட்டு அட்மிஷன்

ஜூன் 12, 1991
மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதிக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். பி.பி.ஏ. மார்க்கெட்டிங் முடித்த எங்களுக்கு இன்று சான்றிதழ். தங்கநிற முத்திரை. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூ வைத்தாள்.

ஜூன் 19
அம்பத்தூரில் ஒரு மிக்சி கம்பெனியில் இன்டர்வியூ. மேனேஜர் சான்றிதழைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த யுனிவர்சிட்டிக்கு அங்கீகாரமே இல்லியேம்மா. பிளஸ் டூன்னு எழுதிக்கட்டுமா?" வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அப்படியும் வேலை இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். சான்றிதழை அவள் எடுக்கவில்லை. பூவை மட்டும் எடுத்துவிட்டாள்.

ஜூன் 20
எங்களுக்குப் பாடம் நடத்திய ஜீவானந்தம் சாரிடம் போய்க் கத்தினேன். மூணு வருஷம் சார், மூணு வருஷம் — தெரிஞ்சே ஏமாத்தினீங்களா?

அவர் டீயைக் குடித்து முடித்தார். "தெரிஞ்சிடுச்சா? நல்லது. உக்காரு. பொருளோட கொறை தெரிஞ்சவதான் அத நல்லா விப்பா."

அட்மிஷன் ஆபீசில் ஒரு வேலை காலி. ஒரு மாதத்துக்குள் ஒரு பெண்ணைச் சேர்த்துக் காட்டினால் அது எனக்கு.

"மொதல்ல யாராண்ட போவணும்? இன்னா சொல்லிக் குடுத்தேன்?"

ஒப்பித்தேன்: ஏற்கெனவே நம்மை நம்புகிறவரிடம்.

ஜூன் 23
எதிர்வீட்டுக் காந்திமதிக்குக் காஞ்சிபுரத்தில் அரசு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் மண்ணூரே பேசுகிறது.
இதை ஏன் எழுதுகிறேன்?

ஜூன் 24
அவளாகவே வந்தாள். "டீச்சர் ஆனா ஒங்கள மாதிரி இங்கிலீஷ்ல பேசிக்கினு ஆபீஸ் போவ முடியாதில்லக்கா?"
முடியாது என்றேன். அது ஒன்றுதான் சொன்னேன்.

ஜூன் 26
அவள் அப்பா கோதண்டம் மாமா, செங்கல் சூளையிலிருந்து நேரே வந்தார். கை முழுக்கச் செம்மண்.

"பாப்பா, கவர்மெண்டு சீட்டு கைல கீது. அத வுட்டுட்டு ஒங்க காலேஜுலதான் சேருவேன்னு ஒரே அழுவ. எனக்கு இன்னா தெரியும்? ஒன் கூடப் பொறந்தவளா இருந்தா எங்க சேப்ப?"

அம்மா அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 27
நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. "இங்கதான் மாமா" என்றேன்.

ஜூலை 3
காந்திமதி சேர்ந்துவிட்டாள். மாமா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பலாச்சுளையும் கொண்டுவந்தார். "ஒன்ன மறக்கமாட்டோம் பாப்பா." அம்மாதான் வாங்கி வைத்தாள். அவர் போனதும், "இன்னாடி பாக்கற? துன்னு" என்றாள்.
சுளை நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 9
ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே என் மேசை. சான்றிதழை என் தலைக்கு மேல் மாட்டியிருக்கிறார்கள். அதற்கு வேலை கொடுத்த ஒரே இடம் இது.

மதியம் காந்திமதி ஓடிவந்தாள். வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துக்கும் போய் விசாரித்துவிட்டாள். அவள் இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. "ஒங்களுக்குத் தெரியுமாக்கா? நெஜமா சொல்லுங்க, தெரியுமா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் அழுது முடிப்பதற்குள் குடித்துவிட்டேன்.

"தெரிஞ்சிடுச்சா? நல்லது. உக்காரு" என்றேன்.

மணிமங்கலத்தில் அவளுக்கு ஒரு சித்தி மகள் இருக்கிறாள். இவள் சொன்னால் கேட்பாள்.