கருவாட்டுத் தொட்டியில் மிதந்த முட்டைகள்

என் உயிரான அக்காவுக்கு,

பொன்னேரி தாலுகா முழுக்கச் சலித்தாலும் நம்புகிறவன் ஒருத்தன் கிடைக்காத கதை ஒன்றை, குலதெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்லப் போகிறேன். நீ இருந்தபோதே என் பேச்சில் முக்கால் பங்கைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பாய். இப்போதும் அப்படியே கேள்.

முதலில் கமலா சேதி. உன் மகள் பெண் குழந்தை பெற்றிருக்கிறாள். குழந்தை அழுதால் எளாவூர்ச் சோதனைச் சாவடியில் லாரிகள் தாமாகவே நின்றுவிடுகின்றன. பெற்றவள்தான் தேறவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் வாயில் சோறு இறங்கவில்லை, பால் வற்றுகிறது. தினம் ஒரு முட்டையாவது கொடுங்கள் என்றார் டாக்டர். முட்டை வாசனை பட்டாலே குடல் வாய்க்கு வந்துவிடும் என்னிடம் போய்ச் சொன்னார். நீ இருந்திருந்தால் இந்த வேலை எனக்கு வந்திருக்குமா?

அந்த வாரம்தான் அவள் வந்து சேர்ந்தாள். கோழியைச் சொல்கிறேன். நெல்லூர்ப் பக்கமிருந்து பட்டணம் போகிற கோழி லாரியிலிருந்து குதித்திருக்க வேண்டும். கன்றுக்குட்டி உயரம், கழுத்தில் ஓர் இறகு கிடையாது. கொல்லைக்குள் நுழைந்தது, உலர்ந்த என் வேட்டியின் மேல் எச்சமிட்டது, குடியேறிவிட்டது. ஊரெல்லாம் விசாரித்தேன். என்னுடையது என்று ஒருத்தரும் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவன் எவன் வருவான்?

அதன் சாப்பாட்டை எழுதக் கை கூசுகிறது. லாரிக்காரர்கள் துப்பிய வெற்றிலைச் சக்கை, சாக்கடைப் புழு, செத்த தவளையின் தொடை. குழந்தைத் துணி அலசிய இடத்தில் எதைக் கொத்தியது என்று நான் சொல்லப் போவதில்லை. கொத்திய அலகை என் கால் கட்டைவிரலில் துடைத்துக்கொண்டது. ஆண்டவன் நமக்கு மூக்கை எதற்கு வைத்தான் அக்கா?

வைக்கோல் போருக்குள் மூன்று முட்டை கிடந்தன. எப்போது இட்டதோ. நல்லது மூழ்கும், அழுகியது மிதக்கும் என்கிற அளவுக்கு எனக்கும் ஞானம் உண்டு. கொல்லைத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. போட்டேன். மூன்றும் பந்து மாதிரி மிதந்தன. அங்கே அடித்த நாற்றத்துக்குக் கும்மிடிப்பூண்டி ரயில் நிற்காமலே ஓடியிருக்கும். முட்டையின் நாற்றம்தான் என்று தீர்ப்பளித்து, இரண்டை எருக்குழியில் வீசினேன். கோழி ஓடிப்போய்த் தன் முட்டையைத் தானே உடைத்து உறிஞ்சியது. காலையில் தின்ற இட்லி எனக்குத் தொண்டை வரை வந்தது.

மூன்றாவதை எடுக்கும்போது என் வீட்டுக்காரி வந்தாள்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற?"

"அத்தினியும் அழுகல். மிதக்குது பாரு."

"அது கருவாட்டுக்குக் கரைச்ச உப்புத் தண்ணி. உப்பு போதுமான்னு முட்டைய வுட்டுத்தான் பாப்போம். நல்ல முட்டையே அதுல மிதக்கும். இது கூடவா தெரியாது?"

"அப்ப அந்த நாத்தம்?"

"நேத்து மீன் ஊறின தண்ணி பின்ன மல்லிப்பூவாட்டமா மணக்கும்?"

கிணற்றுத் தண்ணீரில் போட்டாள். முட்டை கல்லாக அடியில் படுத்தது. மிச்சமிருந்த அந்த ஒன்றை நன்றாக வேகவைத்துக் கமலாவிடம் கொண்டுபோனேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது இன்னாத்தத் துன்னுதுன்னு ஜன்னல் வழியா பாத்துக்கினுதான் கீறேன் மாமா. ரைஸ் மில்லாண்ட எலி மருந்து வெச்சிருக்காங்க. அங்கயும் மேஞ்சிருந்தா? என் பால்ல கொழந்தைக்கு எறங்கிடும்."

"மருந்து துன்ன கோழியா இப்படிக் குத்துக்கல்லாட்டம் நிக்கும்?"

"அப்ப நீ துன்னு காட்டு."

துண்டால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாதியைத் தின்றேன். மஞ்சள் கரு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, ஈரச் சுண்ணாம்பு போல, இறங்க மாட்டேன் என்றது. திருவாலங்காட்டு ஈசன் நஞ்சை விழுங்கியபோது கழுத்தைப் பிடித்துக்கொள்ள அம்பாள் இருந்தாள். என் வீட்டுக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொழுது சாயும்வரை கமலா எதிரிலேயே உட்கார்ந்து ஏப்பம் விட்டேன். ஒவ்வொரு ஏப்பத்திலும் அந்தத் தவளை தெரிந்தது. விளக்கேற்றும்போதும் நான் சாகாததைப் பார்த்துவிட்டு, அவள் மீதிப் பாதியைக் கையில் எடுத்தாள்.

கன்றுக்குட்டி உயரம் பொய். ரயில் பொய். லாரிகள் தாமாக நிற்பதும் பொய். ஒரு சின்னச் சங்கதி மட்டும் நிஜம். மீதிப் பாதியைத் தின்று முடித்து, விரலை நக்கிக்கொண்டே, "இன்னொண்ணு கீதா மாமா?" என்று உன் மகள் தானாகக் கேட்டாள்.

கோழியை இப்போது காலில் கயிறு போட்டுக் கட்டி, நெல் மட்டும் போடுகிறேன். கமலா எழுந்து நடக்கிறவரை தினமும் முதல் வாய் என்னுடையது. குமட்டிக்கொண்டே தின்பேன், ஆனால் தின்பேன்.

உன் மகளுக்குத் தாய்மாமனும்
உனக்கு ஒரே தம்பியுமான
சபாபதி