மொதலாளி குரூப்புல பூங்கொடி

ஆனி 3, செவ்வாய்

காலையிலயே அனல். ஃபேன் சுத்துது, காத்தைக் காணோம்.

ஆபீஸ் கூட்டியாச்சு, டீ போட்டாச்சு. அப்புறம் கம்ப்யூட்டர். அஞ்சாவது படிச்ச என்னை நம்பி ஒம்பது போர்வெல் ரிக் வண்டிக் கேமராவையும் உட்டுட்டாங்க. யாரு பேரை எந்தக் குரூப்புல போடறது, மறந்த பாஸ்வேர்டை மாத்தித் தாரது, எல்லாம் நாந்தான். ஆபீஸ் குரூப்புக்குப் படம் மட்டும். மொதலாளி குரூப்புக்குப் படமும் உண்டு, மைக்கும் உண்டு. இங்க பேசினா அங்க வண்டி ஸ்பீக்கர்ல அலறும்.

மொதலாளி மச்சான் நாலு வாட்டி பாஸ்வேர்டு மறந்தாரு. அஞ்சாவதுக்கு, சம்சாரம் பேராவது ஞாபகம் இருக்குதுங்களான்னு கேட்டேன். போனை வெச்சுட்டாரு.

ஆனி 4, புதன்

எழுதி எழுதிக் கை வலி. பாஸ்வேர்டு இனி பா.வே.

மச்சான் பா.வே. - 3
மொதலாளி மகன் பா.வே. - 1
கரண்ட் போனது - 2

பூங்கொடி வந்தா. சத்தீஸ்கர்ல ஓடற நாலாம் நம்பர் வண்டி டிரில்லர் தங்கராசோட சம்சாரம். மகளுக்கு சேலத்துல நர்சிங் சீட்டு. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள கம்ப்யூட்டர்ல உறுதி பண்ணோணும். அதுக்கு வார ஓடிபி தங்கராசு போனுக்குத்தான் போகுமாம். அவனோ, ஊட்டுப் பக்கத்துக் காலேஜ் போதும்னு கோவிச்சுக்கிட்டு ஆறு நாளா போனே எடுக்கறதில்லை. வண்டி மேனேஜர் தன் போனை நீட்டினாலும் தள்ளிப் போறானாம்.

கேமராவுல பாத்தோம். நல்லா உக்காந்து சோறு தின்னுட்டு இருந்தான்.

ஆனி 5, வியாழன்

மழை வராப்ல இருந்துச்சு. வரலை.

மணி நாலரை. பூங்கொடியும் மகளும் ஆபீஸ்ல. பூங்கொடி அழவே இல்லை, அதுதான் என்னால பொறுக்க முடியலை. மொதலாளிக்கு மூணு தடவை அடிச்சேன், எடுக்கலை. அவ போன்லயே கேமராவை ஏத்தி, பேரை மொதலாளி குரூப்புல போட்டேன். பத்தே நிமிசம், பேசு சாமின்னேன்.

"ஏனுங்க, நானு. புள்ளைக்கு ஓடிபி வேணுமுங்க. கோவத்தை அப்புறம் வெச்சுக்கலாமுங்க."

அங்க கம்ப்ரசரையே நிறுத்திட்டாங்க. அத்தனை ஆளும் தங்கராசைத் திரும்பிப் பாக்கறாங்க. மகள் இந்தப் பக்கம் ஓடிபி கேக்கற பட்டனை அமுக்கினா. மேல பாத்தான், கீழ பாத்தான். சேத்துக் கையை பனியன்ல தொடச்சான். போனை எடுத்துக் கேமராவுக்கு நேரா தூக்கிப் புடிச்சான். ஆறு நம்பர். நாந்தான் சத்தமா படிச்சேன்.

சீட்டு உறுதி. மணி 4.52.

ஆனி 6, வெள்ளி

மொதலாளிகிட்டத் திட்டு. "ஏனுங்க்கா, என் வண்டியை நிறுத்தற அதிகாரம் அந்தப் பூங்கொடிக்கு யாரு குடுத்தது?" நாந்தானுங்கன்னேன். கேமரா வேலையை எங்கிட்ட இருந்து எடுத்துட்டாரு. பா.வே. மாத்தி மச்சான் கையில. பூங்கொடி பேரைக் குரூப்புல இருந்து எடுத்துட்டுத் தாரேன்னு சொன்னேன், காது குடுக்கலை.

மத்தியானம் மச்சான் பா.வே. மறந்தாச்சு.

நாலாம் வண்டி மேனேஜர் போன். இப்பத்தான் ஸ்பீக்கர்ல ஒரு பொம்பளைக் குரல் "சாப்ட்டீங்களா"ன்னு கேட்டுச்சாம். தங்கராசு கேமராவைப் பாத்துத் தலையாட்டினானாம்.