பெயரை மட்டும் மாற்றிய இரங்கல்

இன்று காலை லாரி நம்பரைக் குறித்துக்கொள்ளப் போனில் நோட்ஸைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே 'இரங்கல்' நின்றது. உன் போனிலும் என் போனிலும் தெரியும்படி நீ பகிர்ந்து வைத்த குறிப்பு. கடைசியாகத் திருத்தியது நான் என்று காட்டியது. சீ என்றிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நம் டீ ஃபேக்டரியில் யார் இறந்தாலும் மூன்றாம் நாள் எல்லோரும் கூடுவோம். மேனேஜர் பேசுவார், பிறகு டீயும் வர்க்கி பிஸ்கட்டும். அவர் பேசுவதை எழுதித் தருவது நீ. அதற்காக அரைநாள் லீவு போட்டு, செத்தவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுப் போனில் தட்டுவாய்.

"மூணு விசயமாச்சும் தெரியாம ஒருத்தரப் பத்திப் பேசப்படாது புள்ள. எல்லா மூட்டைக்கும் ஒரே சீல் குத்துற மாதிரி ஆயிரும்" என்பாய்.

பாய்லர் ராமண்ணன் இறந்தபோது மழையில் நனைந்துகொண்டே அவருடைய லைன் வீட்டுக்குப் போனாய். பனிக்காலத்தில் இலை பறித்து விரல் விறைத்து வரும் பெண்களுக்கு அவர் தினமும் ஒரு வாளி வெந்நீர் பிடித்து வைப்பார் என்பது, நீ எழுதிய பிறகுதான் ஆபீசில் இருந்த எங்களுக்கே தெரியும். அதைக் கேட்டு அவர் மனைவி அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. பதினொரு நாளில் போய்விட்டாய்.

மூன்றாம் நாள் காலையில் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். "பழசு ஒண்ணு இருக்குமில்லீங்க? பேர மட்டும் மாத்தி அனுப்பி உட்ருங்க. பத்தரைக்குக் கூட்டம்."

மாற்றினேன். ராமண்ணன் இருந்த இடத்தில் உன் பெயர். மீதியை அப்புறம் எழுதலாம் என்று நினைத்தேன். லாரி வந்தது, போனேன், திரும்பி வந்து அப்படியே அனுப்பினேன். மறதி என்று சொன்னால் அது பொய். சோம்பல். அந்தப் பாழாய்ப்போன நோட்ஸும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எதைத் தட்டினாலும் சரி சரி என்று வாங்கிக்கொண்டது.

"இருபது வருடம் பாய்லர் முன்னால் வெந்தவர்" என்று உன்னைப் பற்றி வாசித்தார் அந்த மனிதர். புகை பட்டாலே இருமுகிற உன்னைப் பற்றி! வெந்நீர் வாளியையும் விடவில்லை. ராமண்ணன் மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். முடிந்ததும் வர்க்கி வந்தது. நானும் தின்றேன். இரண்டு.

அப்போதுதான், கூட்டத்துக்கு வந்திருந்த உன் அம்மா என் கையைப் பிடித்தார்கள். "பாய்லர்லயா கண்ணு வேல பார்த்தா? ஆபீசுன்னுதானே எங்கிட்டச் சொல்லிட்டிருந்தா. இத்தன கஷ்டத்த மறைச்சுட்டாளே."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வாயில் வர்க்கி இருந்தது.

நேற்று, தூள் சலிக்கும் பகுதியில் இருந்த மாரியக்கா தவறிவிட்டார். இன்று மதியம் மேனேஜர் கூப்பிட்டு, "அந்த நோட்டு இருக்குதுங்களா?" என்றார். வெட்கமே கிடையாது.

"அழிஞ்சு போச்சுங்க சார். அவங்க ஊட்டுக்குப் போயிட்டு வந்துதான் எழுதணும்" என்றேன். போனேன். மூன்று விஷயம் கிடைத்தது.

திரும்பி வந்து உனக்கும் ஓர் இரங்கல் எழுத உட்கார்ந்தேன். கேட் வாசலில் காட்டெருமை நின்றால், "ஏனுங்க, கொஞ்சம் வழி உடுங்க" என்று அதனிடம் மரியாதையாகக் கேட்பாய். அது ஒன்று. எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் உதட்டை அசைத்து ஒருமுறை சொல்லிப் பார்ப்பாய். அது இரண்டு. மூன்றாவது வரவில்லை. எட்டு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன், மூன்றாவது வரவில்லை.

நாளைக்கு அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன். பஸ்ஸேறி, வெலிங்டனில் இருக்கும் உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். நீ பாய்லரில் நின்றதே இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும், பெயரை மாற்றியது யார் என்பதையும். அதற்குப் பிறகும் என்னை உட்காரச் சொன்னால், மூன்றாவதைக் கேட்பேன்.