பொத்தான் டப்பாவில் கிடந்த துணுக்கு

மார்ச் 4, செவ்வாய்

நான் கணினியின் மேல் தேநீரைக் கொட்டவில்லை.

மகன் மருமகளிடம் சொல்லி, மருமகள் தன் அக்காவிடம் சொல்லி, இன்று மாடி வீட்டுக்காரி படியில் நிறுத்தி, "உங்களுக்குக் கை நடுங்குதாமே?" என்கிறாள். நடுங்கவில்லை. காலையில்கூட ஊசியில் நூலை முதல் தடவையிலேயே கோத்தேன். கணினி மேசைக்குத் தேநீர் வரக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். என் கணவர் இருந்தவரை அவருக்கும் விலக்குக் கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். மகன் வந்து விசிறி மாற்றிப்போன பிறகு கணினி அடிக்கடி தானாக அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை அடியோடு நின்றுவிட்டது. போனில் சொன்னதும், நான் தேநீரைக் கொட்டியிருப்பேன் என்று அவனே முடிவு கட்டிவிட்டான்.

மார்ச் 5, புதன்

மகன் போனில் பேசினான்.

"தனியா இருந்து என்னம்மா சாதிக்கப் போறே? இன்னிக்கு கம்ப்யூட்டர், நாளைக்கு கேஸ் அடுப்பு. மாசக் கடைசியில வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடு."

"நான் டீ கொட்டலைடா."

"சரி சரி, கொட்டலை. வந்துடு."

அந்தச் 'சரி சரி'. மருந்து குடிக்க மாட்டேன் என்கிற குழந்தையிடம் சொல்வது. இதுக்கா இவனைப் பெத்தேன்!

என் வீட்டில், என் மேசையில், அச்சகத்துக்குப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். அதைவிட்டு அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என்ன செய்வேன்?

மார்ச் 6, வியாழன்

பழுது பார்க்கும் கடைக்கு நானே கொண்டுபோனேன். கடைக்காரி நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரிகிறாள். நெற்றிக்கண் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"என்ன ஆன்ட்டி, தண்ணி பட்டுடுச்சா?"

"நான் உனக்கு ஆன்ட்டி இல்லை. தண்ணியும் படலை. திறந்து பார்த்துட்டுப் பேசு."

"அடேங்கப்பா!" என்று சிரித்தபடி திறந்தாள். நெடுநேரம் குனிந்திருந்தாள்.

"ஈரம் பட்ட தடமே இல்ல மேடம். ஆனா இங்க பாருங்க."

பார்த்தேன். மதர்போர்டில், புது விசிறியின் திருகுக்குப் பக்கத்தில், நகம் கீறியதுபோல் ஒரு கோடு. கோடு முடிகிற இடத்தில் இரண்டு வெள்ளிப் புள்ளிகள். நடுவே வெறுமை.

"இங்க ஒரு குட்டி கெபாசிட்டர் இருந்திருக்கு. ஸ்க்ரூடிரைவர் வழுக்கி அதைப் பேத்துடுச்சு. ஃபேன் மாத்தினது யாரு?"

வேறொன்று வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

"அதுல அளவே எழுதியிருக்காது மேடம். போர்டும் பழசு, வரைபடம் கிடைக்காது. குத்துமதிப்பா ஒண்ணை வெச்சு விளையாட நான் தயாரில்ல. அதே துணுக்கு கிடைச்சா வெச்சிடலாம். அது எந்தக் குப்பையில போச்சோ!"

குப்பையில் போகவில்லை. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கான்வென்டில் தையல் சொல்லித்தந்த சிஸ்டர், பெருக்கியதைப் பார்க்காமல் கொட்ட விடமாட்டார். ஊசி யார் காலிலாவது ஏறும் என்று பயம். அன்றிலிருந்து குப்பையைக் காகிதத்தில் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவேன். விசிறி மாற்றிய அன்றும் பார்த்தேன். கடுகைவிடச் சிறிதாக, பழுப்பாக, இரு முனையிலும் வெள்ளி பூசியதுபோல் ஒன்று. என்னவென்று தெரியாமல் பொத்தான் டப்பாவில் போட்டேன். "குப்பையைக்கூட சேர்த்து வைப்பியாம்மா?" என்று மகன் சிரித்தான்.

டப்பாவைக் கவிழ்த்தேன். இருக்கிறது.

மார்ச் 8, சனி

காகிதத்தில் மடித்து எடுத்துப்போனேன். நெற்றிக்கண் விசில் அடித்தாள். பெண்பிள்ளை விசிலடிப்பது எனக்குப் பிடிக்காது; இன்று மன்னித்தேன்.

"பேசாம இங்க வேலைக்கு வந்துடுங்க மேடம்."

"நான் கேக்கற சம்பளம் உனக்குக் கட்டாது."

துணுக்கை அளந்தாள். விரிசல் இல்லை. இடுக்கியால் தூக்கி, "மூச்சு விட்டுடாதீங்க, பறந்துடும்," என்றாள். விடவில்லை. உருக்கிய சாலிடர் ஈயம் ஒரு பொட்டு, இன்னொரு பொட்டு. பொத்தானை அழுத்தினாள். ஓடியது.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து ஒரு தடவைகூட அணையவில்லை.

சொல்வதா, விடுவதா? விசிறி இரைகிறது என்று நான் புலம்பியதால்தான் காய்ச்சலோடு அவ்வளவு தூரம் வந்தான். ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது அவன் கைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? — தெரியவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் பழி என் கைமேல் அல்லவா நிற்கிறது? அதை வைத்துத்தானே வீட்டைப் பூட்டச் சொல்கிறான்?

மார்ச் 10, திங்கள்

அதே கணினியிலிருந்து அவனுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அனுப்பியது இது:

"கணினி சரியாகிவிட்டது. ஈரம் படவே இல்லை என்கிறாள் கடைக்காரி. அவள் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். கீறல் விசிறித் திருகின் பக்கத்தில் இருக்கிறது; நீயே பார். காய்ச்சலோடு வந்து மாட்டினாய். விசிறி இப்போது இரைவதே இல்லை, நன்றி. நான் வீட்டைப் பூட்டப் போவதில்லை. தேநீர்க் கதையை யாரிடமெல்லாம் சொன்னாயோ, அவர்களிடம் திருத்திச் சொல். போனில் கேட்டால் 'சரி சரி' என்பாய். ஆகவே பதிலை எழுதி அனுப்பு."