ஏழு மாசமா நீ அழிக்காதது

செம்மண்டலம்,
12.8.2007

சத்யாவுக்கு,

நீ சிதம்பரத்துக்கு உங்கம்மா வீட்டுக்குப் போனதுலேர்ந்து கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது. நீ இறக்கி வச்ச இலவச ஆன்ட்டி-ஸ்பைவேரை நானே ஓட்டினேன்.

நீ என்ன டைப் பண்றேன்னு பாக்க நான் திருட்டுத்தனமா போட்டு வச்ச சாஃப்ட்வேர் அதுல மாட்டிக்கிச்சு. அந்த ஆன்ட்டி-ஸ்பைவேரோட பழைய ரிப்போர்ட்டையும் பாத்தேன். ஜனவரியிலேயே உன் கண்ணுல பட்டிருக்கு. வாராவாரம் அழிக்கட்டுமான்னு கேட்டிருக்கு. வாராவாரம் நீ வேணாம்னு அழுத்தியிருக்கே.

மே மாசம் உன் தங்கச்சிக்கு மெயில்ல, "அவரு என்னைய ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல"ன்னு எழுதியிருந்தே. நான் போட்டு வச்ச சாஃப்ட்வேர்ல அதைப் படிச்சிட்டு, சந்தோஷத்துல பலாச்சுளை வாங்கியாந்தேன். நீயும் சிரிச்சிக்கிட்டே தின்னே.

அந்த வரி தங்கச்சிக்கு இல்ல, எனக்குன்னு இன்னிக்குத்தான் உறைக்குது.

உன் முகத்துல முழிக்கத் தைரியமில்லாத
உன் வீட்டுக்காரன்