நான்காம் விதியும் உன் படமும்

என் வாணிக்குஞ்சுக்கு,

உன் பெயரில் நடக்கும் போட்டியில் உன் பாட்டைப் பாடக்கூடாது என்றால், அங்கே நினைவுகூரப்படுவது யார்? மத்தியானத்திலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒபெராவும் மேடை இசை நாடகமும் பாடும் இளையவர்களுக்கு வெள்ளவத்தையில் இன்று முதல் சுற்று, நாளை இறுதி. மேடையில் நம் வீட்டிலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்த உன் படம். ஒவ்வொருவரும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் பாட வேண்டுமாம். சந்தன மாலை வேறு. சந்தன மணத்துக்கு நீ தும்முவாய் என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல?

கடைசிக்கு முந்தின ஆளாக ஷெரின் வந்தாள். கொட்டாஞ்சேனையில் நீ நாடகம் போட்டபோது பின்வரிசையில் நின்று பாடிய சின்னப் பிள்ளை. இப்போது பத்தொன்பது வயது. இத்தாலிய ஒபெரா ஒன்றிலிருந்து நீ தமிழுக்குக் கொண்டுவந்த அந்தத் தாயின் பாட்டைப் பாடினாள். அதை எழுதிக்கொண்டிருந்த நாளில் பஸ்ஸிலிருந்து எனக்குப் போன் எடுத்தாயே, நினைவிருக்கிறதா?

"அக்கா, பாட்டின்ர உச்சியில நிண்டு பிடிக்க ஒரு சொல் வேணும். வாய் நல்லாத் திறக்க வேணும். கெதியாச் சொல்லு, இறங்கப் போறன்."

"நிலா," என்றேன்.

"அது எல்லாப் பாட்டிலயும் கிடக்கு. கம்பஸில தமிழ் படிச்சது இவ்வளவுதானா?"

"அப்ப, 'திரும்பி வா' எண்டு போடு."

"ஓம், அது காணும்." போனை வைத்துவிட்டாய்.

அந்த 'வா'வில் ஷெரின் இன்று நின்றாள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கடதாசியால் விசிறுவதை நிறுத்திவிட்டார். நான் லேசில் மெச்சுகிறவள் அல்ல, உனக்குத் தெரியும்.

நடுவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு போட்டிக் குழுத் தலைவர் மைக்கை எடுத்து நான்காம் விதியை வாசித்தார். ஒபெராப் பாடல்கள் மூல மொழியிலேயே பாடப்பட வேண்டும். ஷெரின் போட்டியில் இல்லை.

அவள் மேடையை விட்டு இறங்கவில்லை. "அங்கிள், இது வாணி அன்ரி எழுதினது. அவவின்ர போட்டியில அதைப் பாடக்கூடாதா?"

"ரூல்ஸ் எண்டா எல்லாருக்கும் ரூல்ஸ்தான், மகள். வாணி அன்ரியே வந்து பாடினாலும் இதைத்தான் சொல்லுவன்."

சிலர் சிரித்தார்கள். உன் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொன்னார், வாணி.

அழுகை எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் பாடட்டும் என்று நீ எத்தனை கூட்டத்தில் சண்டை பிடித்தாய். அப்போது உன் தமிழ் ஒபெரா இவர்களுக்குச் சிரிக்க ஒரு பகிடி. இப்போது உன் பெயர் மட்டும் வேண்டும், படம் வேண்டும். நீ செய்த வேலை வேண்டாம்.

கோபத்தில் பாதி என்மேல்தான். இந்தப் போட்டிக்கென்று ஒரு வெளிநாட்டுப் போட்டியின் விதிகளைத் தமிழில் எழுதி, பிழை பார்க்க என்னிடம்தான் தந்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். நான்காம் விதியில் சிவப்பு மையில் என் கையெழுத்து. நீளமான வசனத்தை இரண்டாகப் பிரித்து அழகாக்கியிருக்கிறேன். அது யாரை வெளியே தள்ளும் என்று யோசிக்கவில்லை. இன்று மண்டபத்திலும் மூன்றாம் வரிசையில் கைப்பையைப் பிடித்தபடி சும்மா இருந்தேன்.

நாளை சும்மா இருக்க மாட்டேன். ஒன்றில் இந்த விதி போக வேண்டும், அல்லது உன் பெயர் போக வேண்டும். உன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று கையெழுத்து வைத்தவள் நான். திரும்ப வாங்கவும் எனக்கு உரிமை இருக்கிறது.

ஞாயிறு பின்னேரம்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீ அந்தப் பாட்டைக் கைப்பட எழுதிவைத்த கொப்பியைத் தலைவரிடம் காட்டினேன். "நீங்கள் பார்த்துத் தந்த ரூல்ஸ்தானே, மிஸ்?" என்றார். ஓம், பிழை என்னுடையதும்தான், திருத்துங்கள் என்றேன். நடுவர்கள் புள்ளி கூட்டும் இடைவேளையில், போட்டிக்கு வெளியே, ஷெரின் பாடலாம் என்றார்.

ஷெரினிடம் கேட்டேன். "சனம் தேத்தண்ணி குடிக்கேக்க பாட நான் வரேல்ல, அன்ரி," என்றாள்.

மேடைக்கு ஏறினேன். மாலையைக் கழற்றி மேசையில் வைத்தேன். படத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மூன்றாம் வரிசையில் மடியில் வைத்தபடி கடைசிவரை இருந்தேன். ஷெரின் பக்கத்தில் இருந்தாள். படத்தோடு உன் பெயரையும் திரும்ப எடுத்துவிட்டேன், எழுத்தில் நாளை தருகிறேன் என்று தலைவருக்குச் சொல்லிவிட்டேன். விதி மாறவில்லை.

முதற்பரிசு பெற்ற பிள்ளை உண்மையிலேயே நன்றாகப் பாடினாள். பரிசை வாங்கியதும் கும்பிடத் திரும்பினாள். மேடையில் படம் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, பரிசுக் கிண்ணத்தோடு இறங்கி வந்து, எங்கள் இருவருக்கும் முன்னால் நின்று, என் மடியிலிருந்த உன்னைக் கும்பிட்டாள்.

"நல்லாப் பாடினனீர்," என்றாள் ஷெரின்.

"நீங்கள் நேற்றுப் பாடின பாட்டு," என்று அந்தப் பிள்ளை கேட்டாள், "அதின்ர சொல்லுகளை எழுதித் தருவீங்களா?"

கொப்பியை ஷெரினிடம் கொடுத்தேன்.

உன் பெயரோடு வீடு வந்து சேர்ந்த,
அக்கா