பருப்பு வேகுமா என்று கேட்காத பதினான்கு கிணறுகள்

இன்று காலை ஒரு வீட்டில் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார்கள். வெயிலில் வந்தவனுக்கு முதல் மடக்கில் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் மடக்கில் நாக்கின் ஓரங்கள் சுருங்கின. தொண்டையில் இறங்கிய பிறகும் பல்லில் நிற்கிற, நம் பக்கத்துக் கிணற்று உப்பு. செம்பைக் கீழே வைக்காமல் முழுக்கக் குடித்தேன். இதே கிணற்றுத் தண்ணீரை, இதே வீட்டுக்கார அம்மாள் கையிலிருந்து வாங்கி, நீ முழுக்கக் குடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு நிற்காமல் செய்தியாகவும் எழுதியிருக்கிறேன்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்த நமக்குள் கடிதம் எழுதும் வழக்கம் இருந்ததில்லை. ஆனால் முப்பது வருடம் நிருபராக இருந்தவனுக்கு எதையும் வரிசையாக எழுதினால்தான் விளங்கும். நான் உனக்குச் செய்ததையும் வரிசையாகவே எழுதுகிறேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே நாம் டீ குடிக்கும் கடைக்கு ஒரு சாயங்காலம் கையில் ஒரு கட்டுத் தாளோடு வந்தாய். கல்லூரியில் கணிப்பொறி சொல்லிக்கொடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலம். கிணற்றின் ஆழம், தண்ணீரின் உப்பு, கடினத்தன்மை, தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து தூரம், இதையெல்லாம் கொடுத்தால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகுமா ஆகாதா என்று மெஷின் சொல்ல வேண்டும். அதுதான் உன் வேலை. "எங்க அத்தா தோல்ல சம்பாதிச்சுத்தான் மாப்ள என்னையப் படிக்க வச்சாரு. அந்தத் தண்ணிக்கு நான் ஏதாச்சும் செஞ்சாகணும்" என்றாய்.

எனக்கு எப்படிச் சொல்லிப் புரியவைத்தாய் என்பது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நாலு வழிச்சாலைக்கு நிலம் எடுத்தபோது நான் எழுதிய செய்திகளை நினைவுபடுத்தினாய். இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். நடுவில் எவ்வளவு அகலமாக ரோடு போட முடியுமோ அவ்வளவு அகலமாகப் போட வேண்டும். மெஷின் செய்வது அவ்வளவுதான். "ரோட்டை யாரு முடிவு பண்றது? ஓரத்து வீட்டுக்காரன். ஊருக்குள்ள இருக்கிறவன் மாடி கட்டுனாலும் இடிச்சாலும் ரோட்டுக்கு என்ன வந்துச்சு? ஓரத்துல இருக்கிற அந்த நாலஞ்சு வீடுதான் மொத்த ரோட்டையும் தாங்குது. அதத்தான் சப்போர்ட் வெக்டார்ங்கிறாங்க."

"அப்ப ஒரு கோட்டைக் கிழிச்சு முடிக்க வேண்டியதுதானே?"

"அதுலதான் வம்பே. ஆழம் குறைஞ்ச கிணத்துல தோல் ஷாப்புக் கழிவு இறங்குது. ரொம்ப ஆழம் போனா பாறை உப்பு. நடுவாந்தரம்தான் நல்ல தண்ணி." என் தோளிலிருந்த துண்டை உருவி பெஞ்சில் விரித்தாய். நடுவில் பொட்டுக்கடலையைக் குவித்து, சுற்றிலும் வேர்க்கடலையை வைத்தாய். "இதுக்குக் குறுக்க நேரா ஒரு கோடு போடு பாப்பம்."

எப்படிப் போட்டாலும் இரண்டும் கலந்தன. நீ துண்டுக்கு அடியில் கைவிட்டு நடுவில் மெல்லத் தூக்கினாய். பொட்டுக்கடலை மேலே போயிற்று, வேர்க்கடலை கீழே தங்கியது. "இப்ப ஊடால ஒரு தட்டைச் செருகிறலாம்ல? ஆனா நெசமாத் தூக்க வேணாம். தூக்குனா ஒண்ணுக்கொண்ணு எப்படி இருக்கும்னு கணக்கு மட்டும் போட்டாப் போதும். அந்தக் கணக்குக்குப் பேருதான் கெர்னல்." சொல்லி முடிப்பதற்குள் கடலை உருண்டு தரையில் சிதறியது. டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஏன் பாய், கடலை வாங்குனது திங்கவா, பாடம் நடத்தவா?"

"ரெண்டுக்கும்தான். உங்க பெஞ்சுக்குத் தனி பீஸா வேணும்?" என்று நீ சிரித்தாய்.

உனக்கு என்னிடம் வேண்டியது ஒன்றுதான். மாதிரித் தண்ணீரைச் சோதித்து எண்களை எடுத்துவிட்டாய். ஆனால் எந்தக் கிணற்றை வீட்டுக்காரர்கள் நல்ல தண்ணீர் என்கிறார்கள் என்பது எண்ணில் இல்லை. வீடு வீடாகக் கேட்க வேண்டும். கன்னிவாடி வரைக்கும் எல்லா ஊரும் எனக்குத் தெரியும். அதிலும் கேட்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தாய். "தண்ணி நல்லாருக்கான்னு கேக்காத. எவனும் தன் வீட்டுக் கிணத்தைக் குறை சொல்ல மாட்டான். பருப்பு வேகுமான்னு கேளு. பொய் வராது." உப்புத் தண்ணீரில் பருப்பு கல்லாக நிற்கும் என்பது நம் பக்கத்தில் சமைக்கிற எல்லோருக்கும் தெரியும்.

தோல் ஷாப்புகள் உள்ள டவுனுக்குப் பக்கத்தில் இருந்த கிணறுகளுக்கு நானே நேரில் போய்க் கேட்டேன். எல்லாம் வேகாது. மலையடிவாரக் கிணறுகளுக்கும் போய்க் கேட்டேன். எல்லாம் வேகும். நடுவில் பதினான்கு கிணறுகள் பாக்கி. அன்றைக்கு வெயில் கடுமை. கொடைரோட்டில் ஏதோ மறியல் என்று போன் வேறு வந்திருந்தது. கன்னிவாடியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். மலைக்குக் கொஞ்சம் பக்கமாக இருந்தால் 'வேகும்', டவுனுக்குக் கொஞ்சம் பக்கமாக இருந்தால் 'வேகாது'. பதினான்கு கட்டத்தையும் நிரப்பிவிட்டு எழுந்தபோது டீயில் சூடு இருந்தது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் 'கேட்காமல் ஒரு வரி எழுதாதே' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

உன் பாடத்தை நான் சரியாகவே புரிந்துகொண்டிருந்தேன் என்பதுதான் வெட்கம். அந்தக் கோடியிலும் இந்தக் கோடியிலும் இருக்கும் கிணறுகளைப் பார்க்காமல் எழுதியிருந்தாலும் உன் ரோடு நகர்ந்திருக்காது. நான் கேட்காமல் விட்டது ஓரத்து வீடுகளை.

மெஷின் நன்றாக வேலை செய்வதாக எல்லோரும் நம்பினார்கள். அடுத்த கோடையில் எந்த ஊருக்கு லாரித் தண்ணீர் அனுப்புவது என்று முடிவு செய்ய ஒன்றிய அலுவலகத்தார் உன் பட்டியலை வாங்கிப் போனார்கள். டவுனுக்கும் மலைக்கும் நடுவில் இருந்த ஒரு காலனிக்கு 'நல்ல தண்ணீர் உண்டு' என்று வந்தது. லாரி நின்றது. மூன்றாவது வாரம் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். நான் நோட்டோடு போனேன். உன்னை யாரும் கூப்பிடவில்லை; நீயாகவே ஸ்கூட்டரில் வந்து இறங்கினாய்.

செல்லத்தாயி என்ற அந்த அம்மாள் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்து உன் முன்னால் நீட்டினார். "ஏனப்பு, ஒங்க கம்ப்யூட்டரு குடிச்சுப் பாத்துச்சா? நீங்க குடிச்சுப் பாருங்க." கூட்டம் சிரித்தது. நீ வாங்கி, ஒரு சொட்டுப் பாக்கி இல்லாமல் குடித்தாய். "உப்பாத்தான் இருக்கும்மா. தப்பு என்னுதுதான்" என்றாய்.

நான் வாயைத் திறப்பதற்கு அதைவிட நல்ல நேரம் வந்திருக்க முடியாது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். 'கணிப்பொறி சொன்ன நல்ல தண்ணீர்: குடித்துக் காட்டிய விரிவுரையாளர்' என்று மறுநாள் வந்தது. அதில் இருந்த ஒவ்வொரு வரியும் உண்மை. நான் எழுதாத ஒரு வரிதான் செய்தி. மாணவர்கள் உனக்கு 'உப்புத் தண்ணி சார்' என்று பெயர் வைத்தார்கள். கல்லூரி அந்த வேலையை அப்படியே மூடி வைத்தது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "மாப்ள, அந்த நடுவாந்தரக் கிணறெல்லாம் போனீல்ல?"

"போனேன்டா. போகாம எப்படி எழுதுவேன்?"

"அப்பச் சரி. கெர்னல்லதான் எங்கயோ கோளாறு" என்றாய்.

அதன்பின் ஏழெட்டு மாதம் நீ கெர்னலை மாற்றி மாற்றிப் பார்த்தாய். தப்புக்கு எவ்வளவு தண்டனை என்று மெஷினுக்கு ஓர் எண் கொடுக்க வேண்டுமாம். அதைக் கூட்டிப் பார்த்தாய், குறைத்துப் பார்த்தாய். "ரொம்பக் கூட்டுனா ஒவ்வொரு தப்புக்கும் வளைஞ்சு வளைஞ்சு போய், கோடு ஒண்ணுக்கும் ஆகாமப் போகுது. கொஞ்சம் மன்னிச்சு விட்டாத்தான் நேரா நிக்குது" என்றாய் ஒரு நாள். கண் சிவந்திருந்தது. நான் வடையைப் பிட்டுக்கொண்டு கேட்டிருந்தேன். பிறகு திடீரென்று அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாய். சலித்துப்போய்விட்டாய் என்று நினைத்தேன். உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆய்வேட்டை நீ கொடுக்கவே இல்லை. ஆனால் டீக்கு வருவதை ஒரு நாளும் நிறுத்தவில்லை. பத்து வருடத்துக்கு மேல் அதே பெஞ்சு, அதே சிரிப்பு.

போன மாதம் உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "அண்ணே, இவரு அலமாரியில ஒங்க கையெழுத்துல தாளு கிடக்கு. தூக்கிப் போட மனசு வரல" என்று ஒரு கட்டைக் கொடுத்தாள். நான் நிரப்பிக் கொடுத்த தாள்கள். மேலாக ஒரு புதுத் தாள். அதில் பதினான்கு கிணறுகள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நீ ஸ்கேல் வைத்துப் போட்ட வெறும் கட்டம். மேலே உன் எழுத்தில்: 'மறுபடி கேட்க வேண்டும்.' ஒரே ஒரு கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக்.

அந்த டிக் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். எட்டு வீடுகளுக்குப் போய்விட்டேன். நான் எழுதியதில் ஐந்து தப்பு. டிக் போட்ட வீட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, இன்று காலைதான் போனேன்.

செல்லத்தாயிக்கு இப்போது பார்வை மங்கல். ஆனாலும் குரலை வைத்துக் கண்டுகொண்டார். "பேப்பர்க்காரருதான நீங்க? அந்தக் கம்ப்யூட்டர் பாய் எப்படி இருக்காரு?"

சொன்னேன். "நல்ல மனுசன். கூட்டத்துல அப்படிப் பேசிப்புட்டோமேன்னு எனக்கு ஒரே இதுவா இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் அவரு மட்டும் தனியா வந்தாரு. ஒங்க தண்ணியில பருப்பு வேகுமான்னு கேட்டாரு. சென்மத்துக்கும் வேகாதுன்னேன். எனக்கு முன்னாடி யாராச்சும் வந்து இப்படிக் கேட்டாகளான்னாரு. ஒருத்தரும் வரலையேன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"அப்படியே கிணத்து மேட்டுல உக்காந்திருந்தாரு. நான்தான் கேட்டேன், யாரும் வந்திருக்கணுமான்னு. இல்லம்மா, எங்காளு ஒருத்தன் வர்றதா இருந்துச்சு, வெயிலுக்கு முடியாமப் போயிருக்கும்னாரு."

உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கெர்னலைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருக்கிறாய். மற்ற பதின்மூன்று வீட்டுக்கும் போய்க் கேட்டிருந்தால் உன் ஆய்வேடு நிமிர்ந்திருக்கும். கூடவே தப்பு எங்கே நடந்தது என்பதையும் எழுத வேண்டி வந்திருக்கும். அதனால் போகவில்லை. 'உப்புத் தண்ணி சார்' என்ற பெயரைச் சுமந்துகொண்டு, எனக்கும் சேர்த்து டீ சொன்னாய்.

நான் வேலை பார்த்த பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறேன். பழைய செய்தி, இப்போது எதற்கு என்றார்கள். போடுவார்களோ என்னவோ. கல்லூரிக்கும் ஒரு பிரதி போகிறது. உன் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்னும் ஐந்து வீடு பாக்கி.

புறப்படும் முன் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செல்லத்தாயியிடம் கேட்டேன்.

"அம்மா, ஒங்க தண்ணியில பருப்பு வேகுமா?"

"இப்பத்தான சொன்னேன், வேகாதுன்னு. அந்த பாய்கிட்டச் சொன்னதுதான்."

"என்கிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க."

"வேகாது அப்பு."

நீ கோடு போட்டு வைத்த கட்டத்துக்குள், உன் பென்சில் டிக்குக்குப் பக்கத்தில், வேகாது என்று எழுதினேன். அதே கையெழுத்துதான். இந்த முறை கேட்டுவிட்டு எழுதினேன்.